வெளிநாட்டுச் செம்பை பாண்டில் வைத்து உருக்கப் போகிறவர்களுக்கு

நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்புப் பட்டறையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். படகுக்கு வேண்டிய பித்தளை, வெண்கலச் சாமான்கள் வார்த்துக் கடைந்து கொடுக்கிறோம். கொஞ்சம் நம் கடற்கரை ஊர்களுக்குப் போகும், மீதி கப்பலேறும். செம்பு வெளிநாட்டிலிருந்து வருகிறது. பட்டறைக்கு பாண்டட் வேர்ஹவுஸ் உரிமம் இருக்கிறது. டியூட்டியை, அதாவது இறக்குமதி வரியை, உடனே கட்டாமல் சுங்கத்தின் கணக்கின் கீழ் சரக்கை வைத்திருக்கும் இடம் அது; பேச்சில் பாண்டு என்போம். வேர்ஹவுஸ் கீப்பர் என்று நான்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

பக்கத்துப் பட்டறைக்காரர்கள் அடிக்கடி வந்து கேட்பார்கள். "அக்கா, டியூட்டி கட்டாமலே செம்பு இறக்கலாமாமே?" கட்டாமல் இல்லை, தள்ளிப்போடலாம். அந்தச் செம்பில் செய்த சாமான் ஏற்றுமதியானால் கட்டவே வேண்டாம். உள்ளூரில் விற்றால், விற்கிற அன்றைக்குக் கட்ட வேண்டும். இவ்வளவுதான் திட்டம். ஆனால் இதற்குப் பதிலாக அரசு உங்களிடம் ஒன்று கேட்கிறது: உள்ளே வந்த ஒவ்வொரு கிலோவும் எங்கே போனது என்ற கணக்கு. விண்ணப்பத்தில் யாரும் தோற்றுப்போனதாக நான் பார்க்கவில்லை. உலையிலிருந்து வழித்தெடுக்கிற கசடில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள். அதனால் கசடைப் பற்றித்தான் இதில் அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில் சட்டம், சுருக்கமாக. 1962 சுங்கச் சட்டத்தில் பிரிவு 58 தனியார் வேர்ஹவுஸுக்கு உரிமம் தருகிறது. பிரிவு 65 அந்த வேர்ஹவுஸுக்குள்ளேயே உற்பத்தி செய்ய அனுமதி தருகிறது. இதற்கான விதிகள் 1966 முதலே உண்டு. 1.10.2019 அன்று புது விதிகள் வந்த பிறகுதான் எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகளுக்கு இது எட்டும் தூரத்துக்கு வந்தது. இப்போது உரிமம், அனுமதி இரண்டுக்கும் ஒரே விண்ணப்பம் போதும். இத்தனை சதவீதம் ஏற்றுமதி செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேர்ஹவுஸில் இருக்கிற காலத்துக்கு வட்டியும் இல்லை. உரிமத்தை ரத்து செய்யும் வரை அல்லது நீங்களே திருப்பிக் கொடுக்கும் வரை அது செல்லும். வாசலில் சுங்க அதிகாரி பூட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த காலம் தனியார் வேர்ஹவுஸ்களுக்கு 2016-இலேயே போய்விட்டது. இப்போது ஏடுதான் பூட்டு.

வடசேரி நகைப் பட்டறைகளிலிருந்தும் சிலர் கேட்கிறார்கள், தங்கத்தை இப்படி இறக்கலாமா என்று. தங்கம், வெள்ளி போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பிரிவு 58ஏ என்ற சிறப்பு வேர்ஹவுஸ் வகையில் வருகின்றன. அங்கே அதிகாரியின் நேரடிப் பூட்டும் காவலும் இன்றும் உண்டு. நான் சொல்லும் வழி செம்பு, துத்தநாகம், வெள்ளீயம், அலுமினியம் மாதிரியான உலோகக்காரர்களுக்கு.

விண்ணப்பத்துக்கு முன்

உங்கள் பகுதிக்கு உரிய சுங்க ஆணையரிடம் விண்ணப்பம் போகும். நம் சரக்கு தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்குவதால், அங்கே அலுவலகம் வைத்திருக்கிற கிளியரிங் ஏஜென்ட் ஒருவரைப் பிடித்துக்கொள்வது நல்லது. ஆனால் அவர் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிடாதீர்கள். பட்டறையின் வரைபடத்தை நீங்களே உட்கார்ந்து போடுங்கள். இறக்குமதிச் செம்பு அடுக்கும் இடம், உள்ளூர்த் துத்தநாகம் வைக்கும் இடம், உலை, கடைசல் எந்திரங்கள், கழிவு டிரம் நிற்கும் மூலை, எல்லாவற்றையும் அதில் குறியுங்கள். உரிமம் அந்தக் கோட்டுக்குள் இருக்கும் இடத்துக்குத்தான். மழைக்குப் பயந்து பக்கத்தில் ஒரு தகரச் சாய்ப்பு இறக்கி அதில் நாலு தகட்டை வைத்தால், அது பாண்டுக்கு வெளியே போன சரக்கு. நம் ஊரில் ஆனி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. சாய்ப்பு தேவையென்றால் முதலிலேயே வரைபடத்தில் சேர்த்துவிடுங்கள்.

இது சுங்க பாண்டட் வேர்ஹவுஸ் என்று எல்லோருக்கும் தெரியும்படி பலகை வைக்க வேண்டும். வரவு, இருப்பு, உற்பத்தி, வெளியேற்றம் எல்லாம் கணினியில் இருக்க வேண்டும். சுங்க நடைமுறை தெரிந்த ஒரு வேர்ஹவுஸ் கீப்பர் வேண்டும், அவருக்கு டிஜிட்டல் கையெழுத்தும் வேண்டும். பிறகு பிரிவு 59-இன்படி பாண்ட் என்ற உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். சரக்குக்கு வரக்கூடிய டியூட்டியின் மூன்று மடங்குக்கு அந்தப் பத்திரம்.

மூன்று மடங்கு என்றதும் எங்கள் முதலாளி ஒரு நாள் முழுவதும் பேசவே இல்லை. அது கட்டுகிற பணம் அல்ல, கட்டாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கான உறுதி என்று தாளில் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் சரி என்றார். அந்தக் கணக்கை உங்களுக்கும் போட்டுக் காட்டுகிறேன்.

10 டன் செம்புக் கேத்தோடு, அதாவது சுத்திகரித்த செம்புத் தகடு, வருகிறது. சுங்க மதிப்பு 80 லட்ச ரூபாய். அடிப்படைச் சுங்க வரி 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்: 4 லட்சம். வர்த்தக ஒப்பந்த நாட்டுச் சரக்கானால் இது குறையலாம். அந்த வரியின் மேல் சமூக நலக் கூடுதல் வரி 10 சதவீதம்: 40,000. இரண்டையும் மதிப்போடு கூட்டி, 84 லட்சத்து 40 ஆயிரத்துக்கு 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி., அதாவது இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.: 15,19,200. ஆக மொத்தம் 19,59,200 ரூபாய். பாண்ட் மதிப்பு அதன் மூன்று மடங்கு, 58,77,600. சாதாரணமாக இறக்கினால் அந்தப் பத்தொன்பதரை லட்சத்துக்கு மேல் துறைமுகத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பாண்டில் அது உங்கள் கையில் இருக்கும்.

செம்பு, அலுமினியம் கொண்டுவருகிறவர்கள் கப்பல் வருவதற்கு முன்பே இரும்பல்லாத உலோக இறக்குமதிக் கண்காணிப்புத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். 2021 ஏப்ரல் முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. பாண்டில் இறக்குகிறோம் என்பதற்காக மற்ற இறக்குமதிச் சட்டங்கள் விலகிக்கொள்ளாது. ஆர்டர் போடும்போது அந்தப் பொருளுக்கு பி.ஐ.எஸ். தர ஆணை நடப்பில் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டி வந்த அன்று

துறைமுகத்தில் மூன்று விதமான பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதித் தாள், உண்டு. பழைய ஆட்கள் நிறத்தை வைத்துச் சொல்வார்கள். வெள்ளை என்றால் டியூட்டி கட்டி நேரே எடுப்பது. மஞ்சள் என்றால் பாண்டுக்கு அனுப்புவது. பச்சை என்றால் பாண்டிலிருந்து உள்ளூருக்கு எடுப்பது. நம்முடையது மஞ்சள். கன்டெய்னருக்கு ஒருமுறைப் பூட்டு மாட்டி, அதன் எண்ணைத் தாளில் எழுதி அனுப்புவார்கள்.

வண்டி ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டி வந்து சேர விடிகாலை ஆகிவிடும். இறக்குகிற பையன்கள் கொக்கியைத் தூக்கிக்கொண்டு தயாராக நிற்பார்கள். அந்த நேரத்தில் அவசரப்படாமல் செய்ய வேண்டிய ஒரே வேலை, செல்போன் விளக்கை அடித்துப் பூட்டு எண்ணைத் தாளோடு ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பார்ப்பது. ஒரு தடவை தாளில் 8, பூட்டில் 3. எழுதியவர் கை தவறியிருக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இருந்தாலும் திறக்க விடவில்லை. பூட்டு சரியில்லை என்றால் இறக்கவே கூடாது, உடனே பாண்ட் அதிகாரிக்கு, அதாவது நம் வேர்ஹவுஸைப் பார்க்கும் சுங்க அதிகாரிக்கு, சொல்ல வேண்டும் என்பது விதி. ஒரு பகல் முழுக்க வண்டி வாசலில் நின்றது. காத்திருப்புக் கூலியும் கொடுத்தோம். எழுத்துப் பிழைதான் என்று தெரிந்து, திருத்திய தாள் வந்த பிறகே பூட்டை வெட்டினோம். முன்பே வெட்டியிருந்தால் அது பிழைதான் என்று காட்ட என்னிடம் எதுவும் இருந்திருக்காது.

இறக்கியதும் கட்டுக் கட்டாக எடை போடுங்கள். தாளில் உள்ள எடைக்கும் உங்கள் எடைக்கும் வித்தியாசம் இருந்தால் 24 மணி நேரத்துக்குள் பாண்ட் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் தராசு முத்திரையிட்டதாக, முத்திரை காலாவதி ஆகாததாக இருக்கட்டும். ஒவ்வொரு கட்டின் மேலும் பில் எண்ணை எண்ணெய்ச் சாக்பீஸால் எழுதிவிடுங்கள். இரண்டு கப்பல் சரக்கு கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது, இரண்டுக்கும் டாலர் விலை வேறு வேறு. உள்ளூரில் வாங்கிய துத்தநாகத்தையும் உள்ளே கொண்டுவரலாம், தடையில்லை. அதற்கும் தனி வரவு ஏடு வேண்டும்.

உலையும் கசடும்

இதுதான் விஷயமே. துணியை வெட்டினால் துண்டு கண்ணுக்குத் தெரியும். உலோகத்தை உருக்கினால் ஒரு பங்கு புகையாகப் போகிறது.

செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். உருகிய செம்பில் துத்தநாகக் கட்டியை அமுக்குகிற நொடியில் மூசையிலிருந்து, அதாவது உருக்கும் பாத்திரத்திலிருந்து, வெள்ளையாக ஒரு புகை எழும். கூரைத் தகரத்தில் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அது புகை அல்ல, நம் துத்தநாகம். அதைத் தராசில் வைக்க முடியாது. ஆனால் கணக்கில் அதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும்.

எங்கள் உருக்கு ஒன்றைச் சொல்கிறேன். இறக்குமதிச் செம்பு 120 கிலோ, உள்ளூர்த் துத்தநாகம் 82 கிலோ, ஆக 202. ஊற்றி, ஆறி, உடைத்த பிறகு நல்ல வார்ப்பு 128 கிலோ. உலோகம் ஓடிய வழியிலும் மேலேயும் உறைந்து நிற்கும் ஊற்றுக் கால்களும் தலைக்கட்டிகளுமாக வெட்டி எடுத்தது 64 கிலோ. வழித்த கசடு 6 கிலோ. கூட்டினால் 198. குறைகிற 4 கிலோ புகை. அந்த 4 கிலோவும் உள்ளூர்த் துத்தநாகம். செம்பு ஆவியாகாது, அதனால் செம்புக் கணக்கில் புகைக்கு என்று ஒரு கிராம்கூடக் கழிக்கக் கூடாது. இந்த இடத்தில்தான் பலர் மொத்த எடையில் இரண்டு சதவீதம் உருக்குச் சேதம் என்று எழுதிச் செம்பிலும் சேர்த்துக் கழித்துவிடுகிறார்கள். உலோகம் தெரிந்த அதிகாரி ஒருவர் வந்தால் ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்.

வெட்டி எடுத்த 64 கிலோ கழிவு அல்ல. அது திரும்ப உலைக்குப் போகும். கடைசல் சுருளும் அப்படித்தான், எண்ணெய் வடித்துத் திரும்ப உருக்குகிறோம். இவற்றைக் கழிவு என்று எழுதிவிட்டால் வேண்டாத இடத்தில் டியூட்டி கேள்வி வரும். கழிவு என்பது திரும்பப் பயன்படுத்த முடியாமல் வெளியே போகிற கசடும், தரை கூட்டிய மண்ணும் தூசியும்தான்.

அந்தத் தரைத் தூசியில்தான் நாங்களும் மாட்டினோம். பாண்டுக்கு வந்த முதல் வருஷம். கூட்டுகிற பையன் பழைய பழக்கத்தில் வாரா வாரம் தூசியைச் சாக்கில் கட்டி ஆக்கர் (பழைய இரும்பு) கடையில் போட்டுவிட்டான். பட்டறையில் எத்தனையோ காலமாக அப்படித்தான் நடந்தது, அவன் மேல் தப்பில்லை. தணிக்கையில் செம்பு இருப்பு 46 கிலோ குறைந்தது. எங்கே போனது என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அனுமதி இல்லாமல் பாண்டிலிருந்து வெளியேறிய சரக்கு என்றார்கள். டியூட்டியும் வட்டியும் கட்டினோம். தொகை பெரிதில்லை. ஆனால் அதன் பிறகு ஆறு மாதம் எங்கள் ஒவ்வொரு தாளையும் சந்தேகத்தோடு புரட்டினார்கள். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இப்போது உலைக்குப் பக்கத்தில் மூடியும் பூட்டும் போட்ட மூன்று டிரம் இருக்கிறது. கசடுக்கு ஒன்று, எண்ணெய்ச் சுருளுக்கு ஒன்று, தரைத் தூசிக்கு ஒன்று. சாயங்காலம் ஐந்து மணிக்கு உலை அணைந்ததும் மூன்றையும் தராசில் ஏற்றுவோம். புதிதாக வந்த தம்பி ஒருவன் கேட்டான்: "அக்கா, இது வெறும் சாம்பல்தானே, இதையுமா எடை போடணும்?" கசடு ஒரு கைப்பிடி எடுத்துச் சுத்தியலால் தட்டச் சொன்னேன். கறுப்பு உதிர்ந்து, உள்ளே மஞ்சளாகக் கடலைப் பருப்பு அளவில் நாலைந்து மணி மின்னியது. அவனே தராசில் வைத்தான்.

சட்டம் இந்தக் கழிவை இரண்டாகப் பிரிக்கிறது. உள்ளூரில் விற்ற சாமானைச் செய்யும்போது வந்த கழிவு என்றால், அதில் உள்ள செம்புக்கும் முழு டியூட்டி உண்டு. ஏற்றுமதியான சாமானைச் செய்யும்போது வந்த கழிவு என்றால், அந்தச் செம்பின் டியூட்டி தள்ளுபடி. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை. அந்தக் கழிவை அழிக்க வேண்டும், அல்லது அந்தக் கழிவையே வெளிநாட்டிலிருந்து கழிவாக இறக்கியது போல எண்ணி அதற்குரிய டியூட்டியைக் கட்ட வேண்டும். செம்பு உள்ள கசடை யாரும் அழிக்க மாட்டார்கள், டியூட்டி கட்டி விற்பதுதான் நடைமுறை.

முன்பு சொன்ன 10 டன்னுக்கே பாருங்கள். சாமான்களுக்குள் போன செம்பு 9,800 கிலோ, கழிவில் போனது 200 கிலோ. சாமானில் 70 சதவீதம் ஏற்றுமதி, 30 சதவீதம் உள்ளூர். அப்போது உள்ளூர்க் கணக்கில் 2,940 கிலோவும், அதோடு சேர்ந்த கழிவு 60 கிலோவும், ஆக 3,000 கிலோ. கிலோவுக்கு டியூட்டி 195 ரூபாய் 92 காசு வீதம் 5,87,760 ரூபாய். இதில் 4,55,760 ஐ.ஜி.எஸ்.டி., அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். உண்மையான செலவு 1,32,000 மட்டுமே. மீதி 140 கிலோ ஏற்றுமதிப் பக்கத்துக் கழிவு. அது கசடாக வெளியே போகும்போது கசடுக்குரிய மதிப்பிலும் விகிதத்திலும் டியூட்டி.

அதனால்தான் சொல்கிறேன், ஒவ்வொரு உருக்குக்கும் எண் கொடுங்கள். எந்த உருக்கு எந்த ஆர்டருக்கு என்று அன்றைக்கே எழுதுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து பிரிக்க நினைத்தால் முடியாது. இத்தனை செம்புக்கு இத்தனை சாமான் என்ற உள்ளீடு-வெளியீட்டு அளவையும் தேவைப்படும் இடத்தில் தெரிவிக்க வேண்டியிருக்கும். அதை இன்னொரு பட்டறையிலிருந்து நகல் எடுக்காதீர்கள். உங்கள் மூசை வேறு, உங்கள் உலைக்காரரின் கை வேறு. செய்முறை மாறினால் அளவையும் திருத்திக் கொடுக்க வேண்டும்.

சாமான் வெளியே போகும்போது

ஏற்றுமதிக்கு ஷிப்பிங் பில் போட்டு அனுப்புவதில் சிக்கல் ஒன்றும் இல்லை. செம்புக்கு டியூட்டியே கட்டாததால் அதற்கு டிராபேக் (கட்டிய டியூட்டியைத் திரும்பப் பெறுவது) கேட்க முடியாது, அவ்வளவுதான்.

உள்ளூர் விற்பனைக்கு முதலில் பச்சை பில் போட்டு, உள்ளே அடங்கிய செம்புக்கு டியூட்டி கட்டிவிட்டு, அதன் பிறகு வழக்கமான ஜி.எஸ்.டி. இன்வாய்ஸில் சாமானை விற்க வேண்டும். வரிசை மாறக் கூடாது. குளச்சலில் ஒரு படகு கரையில் நிற்கிறது, புஷ் உடனே வேண்டும் என்று போன் வரும். ஆள் வாசலில் நிற்பார். பாவமாகத்தான் இருக்கும். அதற்காக நாங்கள் மாதத் தொடக்கத்திலேயே உள்ளூர் அவசரத்துக்கு என்று ஓரளவு சாமானுக்கு டியூட்டி கட்டி, பாண்டுக்கு வெளியே உள்ள கடையில் வைத்துவிடுகிறோம்.

டியூட்டி விகிதம் பச்சை பில் போடுகிற நாளைய விகிதம். டாலர் மாற்று மதிப்போ மஞ்சள் பில் போட்ட நாளையது. பட்ஜெட்டில் வரி ஏறினால் ஏற்கெனவே இறக்கிவைத்த சரக்குக்கும் ஏறியதுதான். ஜனவரிக் கடைசியில் இருப்பை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்திரத்தையும் இதே வழியில் டியூட்டி தள்ளிவைத்து இறக்கலாம். ஆனால் பல வருஷம் ஓட்டிவிட்டு உள்ளூரில் விற்றால் தேய்மானம் கழித்துத் தர மாட்டார்கள், முழு டியூட்டி. நான் எங்கள் முதலாளிக்கு எந்திரத்துக்கு இந்த வழி வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

ஒவ்வொரு மாதமும் முடிந்து பத்து நாளுக்குள் மாதக் கணக்கை பாண்ட் அதிகாரிக்குக் கொடுக்க வேண்டும். ஏடுகள் ஐந்து வருஷம் இருக்க வேண்டும். டிஜிட்டல் நகல் ஒன்றைப் பட்டறைக்கு வெளியே வேறோர் இடத்தில் வைக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் எத்தனை கம்பம் சாய்ந்தது, எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்பது நமக்குத் தெரியும். நான் ஒரு பிரதியை வீட்டில் ஹார்டு டிஸ்கிலும், இன்னொன்றை இணையச் சேமிப்பிலும் வைத்திருக்கிறேன்.

யாருக்கு இது வேண்டாம்? செம்பு வந்த வாரமே உருக்கி உள்ளூரிலேயே விற்றுவிடுகிற பட்டறைக்கு வேண்டாம். டியூட்டியில் பெரும் பங்கு ஐ.ஜி.எஸ்.டி., அது எப்படியும் திரும்பிவிடும். மிச்சமாகிற சில வார வட்டிக்கு இத்தனை எழுத்து வேலை தாங்காது. சரக்கு மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்கும், பாதிக்கு மேல் கப்பலேற்றுகிறவர்களுக்கும் இது நல்ல வழி.

விண்ணப்பிக்கும் முன் இரண்டு சமாச்சாரத்தை ஏஜென்டிடம் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். 2023 நிதிச் சட்டம் 65ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. பாண்டில் இறக்கும்போதே ஐ.ஜி.எஸ்.டி. கட்டச் சொல்லும் பிரிவு அது. அதை நடப்புக்குக் கொண்டுவரும் அறிவிப்பு வந்திருக்கிறதா? 2024-இல் சில பொருட்களுக்குச் சில செய்முறைகளை பாண்டில் அனுமதிக்காமல் விலக்கும் அதிகாரத்தையும் அரசு எடுத்துக்கொண்டது. உங்கள் உலோகம் அதில் வருகிறதா? இந்த இரண்டுக்கும் பதில் வருவதற்குள் நீங்கள் பத்து உருக்கு போட்டு, வார்ப்பு, வெட்டு, சுருள், கசடு, தூசி என்று தனித்தனியாக எடை எழுதி முடித்திருக்கலாம். அந்தப் பத்துத் தாளையும் எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்கு வண்டி ஏறுங்கள்.